எது வேதம் என்று முடிவு செய்தது யார்?

ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கி.பி. 325இல் நைசியாவில் ஆயர்களைக் கூட்டி, ஓட்டெடுப்பு நடத்தி பைபிளை உருவாக்கினான் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம் படிப்பு வட்டங்களிலும் சில தோழர்கள் இதைச் சொல்கிறார்கள். இது உண்மையல்ல. நைசியாவில் விவாதிக்கப்பட்டவை இயேசுவின் இறைத்தன்மை, ஈஸ்டர் நாள் போன்றவை. எந்த நூல் வேதம், எது வேதமல்ல என்ற தீர்மானம் எதுவும் அங்கே நிறைவேற்றப்படவில்லை.

நடந்த வரலாறு இதைவிட நீளமானது. ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் நின்று பார்த்தால், இதைவிட முக்கியமானதும்கூட.

இயேசுவுக்குப் பின் முதல் மூன்று நூற்றாண்டுகளில் சபைகளிடம் முடிவான பட்டியல் என்று ஒன்று இல்லை. ஊருக்கு ஊர் வேறு வேறு நூல்கள் வாசிக்கப்பட்டன. கி.பி. 140களில் மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாடே வேண்டாம், லூக்காவின் நற்செய்தியும் பவுலின் பத்துக் கடிதங்களும் போதும் என்று முதல் பட்டியலைப் போட்டார். அதையும் வெட்டித் திருத்தியே வைத்துக்கொண்டார். ரோமச் சபை அவரை வெளியேற்றியது. 180 வாக்கில் இரேனியுஸ், நற்செய்திகள் நான்கே என்று வாதாடினார். இன்று நாம் பார்க்கும் 27 நூல்களை, கூட்டாமல் குறைக்காமல் எழுதிவைத்த முதல் பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் அனுப்பிய ஈஸ்டர் கடிதத்தில்தான் இருக்கிறது. 397இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களும் இதே 27ஐ ஏற்றார்கள்.

எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்? பொதுவாக மூன்று அளவுகோல்கள் சொல்லப்படுகின்றன. நூல் அப்போஸ்தலரிடமிருந்தோ அவர்களுக்கு நெருக்கமானவர்களிடமிருந்தோ வந்ததா? பரவலாக எல்லாச் சபைகளிலும் வாசிக்கப்படுகிறதா? சபையின் போதனையோடு ஒத்துப்போகிறதா? முதல் இரண்டும் வரலாற்றுக் கேள்விகள். மூன்றாவது கேள்வியில்தான் அதிகாரம் இருக்கிறது. எது சரியான போதனை என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

தள்ளப்பட்ட நூல்களில் இரண்டை மட்டும் பார்ப்போம்.

ஒன்று, 'எர்மாவின் மேய்ப்பன்'. இதை எழுதியவர் தன்னை ரோமில் ஒரு பெண்ணுக்கு அடிமையாக விற்கப்பட்டவர் என்று நூலின் தொடக்கத்திலேயே சொல்லிக்கொள்கிறார். இந்த நூலை மக்கள் விரும்பி வாசித்தார்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் கையெழுத்துப் பிரதியில் புதிய ஏற்பாட்டோடு சேர்த்தே இது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் முரட்டோரி பட்டியல் என்ற பழைய ஆவணம், இது அண்மைக் காலத்தில் எழுதப்பட்டது, தனியாக வாசிக்கலாம், சபையில் வேதமாக வாசிக்கக் கூடாது என்கிறது. அடிமை எழுதினார் என்பதற்காகத் தள்ளினார்கள் என்று நாம் சொல்ல முடியாது. அப்படி ஒரு காரணம் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அப்போஸ்தலர் பெயரோடு வந்தால்தான் வேதம் என்ற அளவுகோலில், அடிமையாய் இருந்த ஒருவரின் சொந்தக் குரல் உள்ளே நுழைய வழியில்லை என்பது தெரிகிறது.

இன்னொன்று, தெக்லாவின் கதை. பவுலைக் கேட்டுத் திருமணத்தை மறுத்த பெண், தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் போதித்தாள் என்கிறது அந்நூல். 200 வாக்கில் தெர்த்துல்லியன் இதைக் கண்டித்து எழுதினார். தெக்லாவைக் காட்டிப் பெண்கள் போதிக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் உரிமை கேட்கிறார்கள் என்பதுதான் அவருடைய கோபம். இங்கே காரணம் வெளிப்படையாகவே இருக்கிறது.

உலகம் முழுவதும் ஒரே பட்டியலும் இருந்ததில்லை. சிரியாக் மொழி பேசிய கிழக்குச் சபைகளின் புதிய ஏற்பாட்டில் 22 நூல்கள்தான். 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் ஆகிய ஐந்தும் அதில் இல்லை. அந்த வேதம்தான் மலையாளக் கரையின் தோமா கிறிஸ்தவர்களிடம் இருந்தது.

1599 ஜூன் மாதம் கோவாவின் பேராயர் மெனேசிஸ், கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் ஒரு மாமன்றத்தைக் கூட்டினார். விடுபட்ட நூல்களைச் சேர்க்கவும், சிரியாக் வேதத்தை லத்தீன் வேதத்தின்படி திருத்தவும் அங்கே ஆணை போடப்பட்டது. இயேசுவின் குழந்தைப் பருவத்தைச் சொல்லும் நூல் உட்பட ஒரு நீண்ட தடைப் பட்டியலும் வந்தது. இருக்கும் சிரியாக் நூல்களையெல்லாம் திருத்துவதற்காக ஒப்படைக்க வேண்டும். தடை செய்யப்பட்டவை எரிக்கப்பட்டன. இந்திய மண்ணில் நடந்த கிறிஸ்தவ வேதத் தேர்வு என்றால் அது இதுதான்.

அதே மாமன்றத்தில் தீண்டாமையும் பேசப்பட்டது. தோமா கிறிஸ்தவர்கள் தங்களை உயர்ந்த சாதியாகக் கருதி, கீழே வைக்கப்பட்ட மக்களைத் தொடாமல் இருந்தார்கள். அது மூடப் பழக்கம் என்று மாமன்றம் சொன்னது. ஆனால் அதை முற்றாக ஒழித்தால் நாயர்களோடு உள்ள கொடுக்கல் வாங்கல் கெட்டுவிடும் என்று விட்டுக்கொடுத்தது. ஒரு சமூகத்தின் ஏடுகளை நெருப்பில் போடத் துணிந்தவர்களுக்குத் தீண்டாமையைத் தொடத் துணிவு வரவில்லை. எது அவசரம், எது பொறுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வைத்த வரிசையே நமக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

இனி நம் கரைக்கு வருவோம். கீழக்கரையிலிருந்து மண்டபம் போகும் வழியில் இருக்கும் வேதாளையில் 1549இல் இயேசு சபைக் குரு கிரிமினாலி கொல்லப்பட்டார். முத்துக்குளித்துறையில் அவருடைய பொறுப்பை ஏற்ற அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறிய நூல்களில் ஒன்று அது. 1586இல் புனிதர்களின் வரலாறும் தமிழில் வந்தது. கடலோர மக்கள் கையில் செபம் இருந்தது, மறைக்கல்வி இருந்தது, புனிதர் கதை இருந்தது. பைபிள் இல்லை. மக்கள் மொழியில் பைபிளைக் கத்தோலிக்க ஐரோப்பாவின் தடைநூல் பட்டியல்கள் அப்போது கட்டுப்படுத்தி வைத்திருந்தன. வேதத்தின் பட்டியலைச் சபை 1546இல் திரெந்து மாமன்றத்தில் முடித்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த நூல்கள் இந்தக் கரையின் வலைக்காரருக்கும் முத்துக்குளிப்பவருக்கும் வாசிக்கக் கிடைக்கவில்லை.

தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் கையால் அச்சாகி முடிந்தது. அந்த அச்சுநூல் தஞ்சாவூர் அரசனின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற பறையர் சமூகத்து வீரரிடம் போய்ச் சேர்ந்தது. கத்தோலிக்கரான அவர் அதைத் தானே வாசித்தார். வாசித்த பின் லுத்தரன் சபையில் சேர்ந்தார், உபதேசியார் ஆனார், தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தார். குருப்பட்டம் கொடுக்கும் நேரம் வந்தபோது, பறையர் ஒருவர் கையால் நற்கருணை வாங்க மாட்டோம் என்று சாதிக் கிறிஸ்தவர்கள் நின்றார்கள். மிஷனரிகள் அதற்குப் பணிந்தார்கள். 1741இல் குருப்பட்டம் தியோகு என்ற வேறொருவருக்குப் போனது.

வேதத்தை வாசிக்கலாம், போதிக்கலாம், பீடத்தில் மட்டும் நிற்கக் கூடாது. நூல் திறந்துவிட்டது, ஆனால் நூலுக்கு விளக்கம் சொல்லும் இடம் திறக்கவில்லை.

வேதம் என்று ஏற்கப்பட்ட நூல்களுக்குள்ளும் இன்னொரு தேர்வு ஓயாமல் நடக்கிறது. அடிமைகளே, எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற கருத்துள்ள கடிதங்களும் உள்ளே இருக்கின்றன. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுதந்திரன் என்றும் இல்லை என்ற கருத்துள்ள கலாத்தியர் கடிதமும் உள்ளே இருக்கிறது. 1807இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென்று ஒரு பைபிள் அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான பகுதி அதில் இல்லை. கலாத்தியரின் அந்த வசனமும் இல்லை. கீழ்ப்படியச் சொல்லும் வசனங்கள் பத்திரமாக இருந்தன. நம் ஊர்களில் அப்படி வெட்டி அச்சிடவில்லை. ஆனால் எந்த வசனத்தைப் பிரசங்கிக்கிறார்கள், எதைத் தொடாமலேயே கடந்துபோகிறார்கள் என்று கவனித்தால், கத்தரிக்கோல் இல்லாமலும் அந்த வேலை நடக்கும் என்பது புரியும்.

பட்டியல் போடும் அதிகாரம் சபைகளோடு முடிந்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். கல்லறையில் தனிச்சுவர், கோயிலில் தனியிடம் என்று சாதி அவர்களை விடவில்லை. பட்டியல் மட்டும் அவர்களை விட்டுவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை எழுதியபோது இதே கேள்வி அவர் முன்னும் இருந்தது. புத்தர் பெயரில் வழங்கும் எல்லாவற்றையும் புத்தர் சொன்னதாக ஏற்க முடியுமா? அறிவுக்குப் பொருந்துகிறதா, மனிதரின் நலனுக்கு உதவுகிறதா என்ற அளவுகோல்களை அவர் முன்வைத்தார். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டபோதும் அந்த அளவுகோல்தான் வேலை செய்தது. உதயம்பேரூரில் அதிகாரம் உள்ளவர்கள் இல்லாதவர்களின் ஏடுகளை எரித்தார்கள். மகாத்தில் அந்த நூலால் மிதிக்கப்பட்டவர்களே அதை எரித்தார்கள். இரண்டும் நெருப்புதான் என்று யாராவது சொன்னால் இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த முறை யாராவது இது வேதம், இது சட்டம், இது மரபு என்று உங்கள் முன் ஒரு நூலை வைத்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பட்டியலை யார் போட்டார்கள்? அப்போது யார் அறைக்கு வெளியே நின்றார்கள்? இன்று இதை வாசித்து விளக்கம் சொல்ல யாரை அனுமதிக்கிறீர்கள்?

ஜெய்பீம்.