‘படி படி’ன்னா ஓடுற குழந்தை, ஆசையா புத்தகம் எடுக்க என்ன செய்யலாம்? பெற்றோரும் ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூன்றாம் வகுப்பு படிக்கும் குழந்தை. தமிழ்ப் பாடத்தில் நல்ல மார்க். ஆனால் கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், “இதுல ஹோம்வொர்க் இருக்கா?” என்றுதான் முதல் கேள்வி. ‘இல்லை’ என்றால் புத்தகம் அப்படியே மேசைக்குப் போய்விடும். பல வீடுகளில் நடக்கிற கதை இது.

வாசிப்பு ஏன் வேலையாக மாறியது? அதை மீண்டும் விளையாட்டாக மாற்ற முடியுமா?

பிரச்னை எவ்வளவு பெரியது?

கிராமப்புறக் குழந்தைகளை வீடு வீடாகச் சந்தித்து, அவர்களால் எவ்வளவு வாசிக்க முடிகிறது என்று பார்ப்பது ‘ஏசர்’ ஆய்வு. இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சின்னக் கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். 2024 ஆய்வின்படி, இந்திய கிராமங்களில் 3-ம் வகுப்புக் குழந்தைகளில் அதைச் சரளமாக வாசித்தவர்கள் 27.1 சதவீதம். 5-ம் வகுப்பில் 48.8 சதவீதம். அதாவது தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்த பிறகும், இரண்டில் ஒரு குழந்தை இரண்டாம் வகுப்புக் கதையில் தடுமாறுகிறது.

இந்த வயதைக் கோட்டை விட்டால் என்ன ஆகும்? மூன்றாம் வகுப்பு வரை குழந்தை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு அறிவியல், சமூக அறிவியல், கணக்கு என எல்லாவற்றையும் வாசித்துத்தான் கற்க வேண்டும். வாசிப்பு தடுமாறினால் எல்லாப் பாடமும் சேர்ந்தே தடுமாறும்.

‘படி’ என்ற சொல்லிலேயே சிக்கல்

தமிழில் பாடம் படிப்பதற்கும் ‘படி’தான், கதை படிப்பதற்கும் ‘படி’தான். “டி.வி.யை ஆஃப் பண்ணிட்டு போய் படி” என்று தினமும் கேட்கும் குழந்தைக்கு, புத்தகம் என்றாலே தண்டனை என்று பதிந்துவிடுகிறது. படித்து முடித்ததும் “என்ன புரிஞ்சுது? நீதி என்ன?” என்று கேள்வி வந்தால், கதையும் பரீட்சை ஆகிவிடுகிறது.

சைக்கிள் ஓட்டப் பழகும் குழந்தையிடம் தெருமுனையில் நின்று யாரும் கேள்வித்தாள் நீட்டுவதில்லை. ஓட்ட ஓட்டத்தான் பழக்கம் வரும். வாசிப்பும் அப்படித்தான். பிடித்ததால் வாசிக்கும் குழந்தை அதிகம் வாசிக்கும். அதிகம் வாசிப்பதால் சரளம் வரும். சரளம் வந்தால் இன்னும் பிடிக்கும்.

தமிழ்க் குழந்தைகளுக்கு ஏன் கூடுதல் சிரமம்?

வீட்டில் “நான் கடைக்குப் போறேன்” என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் “நான் கடைக்குச் செல்கிறேன்” என்று பார்க்கிறது. “வந்துட்டாங்க” என்பது “வந்துவிட்டார்கள்” ஆகிறது. எழுத்தைக் கூட்டி வாசித்தாலும், காதில் கேட்டுப் பழகாத சொல் என்பதால் பொருள் உடனே பிடிபடாது.

இதற்கு எளிய வழி, எழுத்துத் தமிழைக் குழந்தையின் காதில் போடுவது. பெரியவர்கள் சத்தமாகக் கதை வாசித்துக் காட்டும்போது, ‘சென்றான்’, ‘கூறினாள்’ எல்லாம் பாடப்புத்தகத்தில் வருவதற்கு முன்பே பழகிவிடும். நடுநடுவே பேச்சு மொழியிலும் சொல்லிக் காட்டலாம். அதில் தவறே இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

• தினமும் 10 அல்லது 15 நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். “அவனே படிக்கக் கத்துக்கிட்டானே, இனி எதுக்கு?” என்று நிறுத்திவிட வேண்டாம். தானாக வாசிக்க முடியாத பெரிய கதைகளையும் குழந்தையால் கேட்டு ரசிக்க முடியும்.

• புத்தகத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். காமிக்ஸ், விடுகதை, டைனோசர், கிரிக்கெட் எதுவானாலும் சரி. “இதெல்லாம் ஒரு புத்தகமா?” என்ற ஒரு வார்த்தை போதும், ஆசை போய்விடும்.

• ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் குழந்தைக்குத் தைரியம். தெரிந்த கதையில்தான் தெரியாத எழுத்துகளை முதலில் அடையாளம் காணும்.

• பிடிக்காவிட்டால் பாதியில் மூடி வைக்க விடுங்கள். பெரியவர்களும் அப்படித்தானே செய்கிறோம்?

• வாசிக்கும்போது ஒவ்வொரு பிழையையும் திருத்த வேண்டாம். பொருள் மாறினால் மட்டும் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

அம்மா, அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால்? அதுவும் தடையில்லை. படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம். ஆத்தா, தாத்தாவிடம் ஊர்க் கதை கேட்கலாம். “நீ வாசி கண்ணு, நான் கேக்குறேன்” என்று பக்கத்தில் உட்காரலாம். கேட்க ஒருவர் இருப்பதே குழந்தைக்குப் பெரிய விஷயம்.

பரிசு கொடுத்தால் வாசிப்பார்களா?

“ஒரு புத்தகம் முடிச்சா 10 ரூபா” என்று பந்தயம் கட்டும் வீடுகள் உண்டு. இதில் கவனம் தேவை. 1973-ல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதை ஆசையாகச் செய்துவந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், “வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

ஆசையாகச் செய்வதற்குக் கூலி பேசினால், கூலி நின்றதும் ஆசையும் குறைந்துவிடலாம் என்பதே இதன் பாடம். பரிசு தந்தே ஆக வேண்டுமென்றால், இன்னொரு புத்தகம் தரலாம். அல்லது, “இன்னைக்கு ராத்திரி ரெண்டு கதை” என்று சொல்லலாம்.

எழுத வைப்பது எப்படி?

எழுதுவது என்றால் பல குழந்தைகளுக்கு நினைவு வருவது இரண்டுதான்: கரும்பலகையைப் பார்த்து எழுதுவது, தப்பு செய்தால் பத்து முறை எழுதுவது. இரண்டிலும் குழந்தையின் சொந்தச் சொல் ஒன்றுகூட இல்லை.

ர-ற, ல-ள-ழ, ந-ன-ண குழப்பம் இந்த வயதில் சகஜம். “பழம்” என்பதை “பளம்” என்று எழுதும் குழந்தை, காதில் கேட்டதை எழுத்தாக மாற்ற முயல்கிறது. அது நல்ல அறிகுறி. நோட்டு முழுக்கச் சிவப்பு மை விழுந்தால், அடுத்த முறை தெரிந்த நாலு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். “அப்புறம் அந்த நாய்க்குட்டி என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விளையாட்டாக எழுத சில வழிகள்:

• மளிகைச் சாமான் பட்டியலைக் குழந்தை எழுதட்டும். அதை வைத்தே கடையில் வாங்குங்கள்.
• தபால் அட்டை வாங்கி, வெளியூரில் இருக்கும் அத்தைக்கோ மாமாவுக்கோ கடிதம் எழுதச் சொல்லுங்கள். பதில் வந்தால் குழந்தை அடுத்த அட்டையைத் தானாகவே கேட்கும்.
• தெருவில் கேட்ட விடுகதைகளைச் சேகரித்து ஒரு நோட்டில் எழுதலாம்.
• படத்தைக் குழந்தை வரையட்டும். கதையைச் சொல்லச் சொல்ல பெரியவர் எழுதிக் கொடுக்கலாம். தான் பேசியது எழுத்தாக மாறுவதைப் பார்ப்பதே ஒரு பாடம்.
• நான்கைந்து தாளை மடித்துத் தைத்தால் கையெழுத்துப் பத்திரிகை தயார். அட்டையில் ஆசிரியர் பெயராகக் குழந்தையின் பெயர் இருக்கட்டும்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. 1948-லேயே பொது நூலகங்களுக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. ஊர்ப்புற நூலகமோ கிளை நூலகமோ, குழந்தையை அழைத்துப்போய் உறுப்பினர் ஆக்கலாம். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

செல்போனையும் பயன்படுத்தலாம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். வாசிக்கும் திறனுக்கு ஏற்ப நிலை பிரித்திருப்பதால் தேர்ந்தெடுப்பது எளிது. ஆனால் குழந்தையிடம் போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால், கதை ரீல்ஸில் போய் முடியும். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசிப்பது நல்லது.

பள்ளியில் என்ன நடக்கிறது?

கொரோனா கால இழப்பை ஈடுகட்ட, தமிழக அரசு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரையும், பிறகு 4, 5-ம் வகுப்புகளுக்கும் வந்தது. பாட்டு, விளையாட்டு, செயல்பாடு வழியாகக் கற்பிப்பது இதன் முறை. பள்ளிக் கல்வித் துறை 4, 5-ம் வகுப்புக் குழந்தைகளுக்காக ‘ஊஞ்சல்’ என்ற இதழைக் கொண்டுவந்தது. வாசிப்பு இயக்கத்துக்கான சின்னப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாக வந்தன.

புத்தகம் வந்தால் மட்டும் போதாது. “கிழிச்சிடுவாங்க” என்று பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. கயிறு கட்டி, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் தானாக எடுக்கும். தினமும் 15 நிமிடம் டீச்சர் உட்பட எல்லோரும் அவரவர் விரும்பியதை வாசித்தால், மார்க் இல்லாத வாசிப்பு என்றால் என்ன என்று குழந்தைக்குப் புரியும்.

எப்போது கூடுதல் கவனம் தேவை?

சில குழந்தைகள் சோம்பலால் விலகுவதில்லை. பார்வைக் குறைபாடு இருக்கலாம். நன்றாகப் பேசும், கேட்டால் புரிந்துகொள்ளும் குழந்தை, வாசிக்கும்போது மட்டும் தொடர்ந்து திணறினால் டிஸ்லெக்ஸியா எனும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். இதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டுள்ளது. “மக்கு” என்று திட்டுவதற்கு முன், முதலில் கண் பரிசோதனை, பிறகு நிபுணர் ஆலோசனை.

எங்கிருந்து தொடங்குவது?

இன்று இரவே தொடங்கலாம். சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம், வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு கதை. முடிந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் புத்தகத்தை மூடிவிடுங்கள். நாளைக்கோ, அடுத்த வாரமோ, “இன்னொரு கதை படிங்கப்பா” என்று குழந்தையே கேட்டால், பாதி வேலை முடிந்தது.