துணி பிழிந்த கதை

போன வாரம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் துவைத்தது, அலசியது. பிழிய மட்டும் மறுத்துவிட்டது. டிரம் நாலு சுற்று சுற்றும், தடதடவென்று ஆடும், நின்றுவிடும். மறுபடி தண்ணீர் பிடிக்கும். போனில் விசாரித்தேன். "மோட்டார் போயிருக்கும் சார், எட்டாயிரம் ஆகும்" என்றார் மெக்கானிக். பென்ஷன்காரனுக்கு அது பெரிய தொகை.

கொல்லையில் எட்டிப் பார்த்தேன். என் மனைவி ஈரப் போர்வையைக் குழாயில் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள். 68 வயதில், வீங்கிய மணிக்கட்டோடு.

துணி வேலையில் பிழிவதுதான் எப்போதுமே கஷ்டம். மேல்நாடுகளில் இரண்டு உருளைகளுக்கு நடுவே துணியை விட்டுக் கைப்பிடியைச் சுற்றிப் பிழிந்தார்கள். பிறகு அந்த உருளைகளை மோட்டார் சுற்றியது. துணியோடு கையையும் உள்ளே இழுத்து, குழந்தைகள்கூடக் காயப்பட்டார்கள்.

1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் துவைத்து, அலசி, சுழற்றிப் பிழிந்தும் தரும் வீட்டு மெஷினைக் கொண்டுவந்தது. ஆனால் அது ஆடிய ஆட்டத்தில், தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது!

காரணம் எளிது. டிரம் நிமிடத்துக்கு 700 முறை சுற்றும்போது, துணியின் எடையைப்போல் சுமார் நூறு மடங்கு விசை வெளிப்பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் அரைக் கிலோ கூடினாலே 50 கிலோ மூட்டை சுழல்வதுபோல் ஆகிவிடும். அதனால் பின்னாளில் தொட்டியைக் கம்பிகளிலும் ஸ்பிரிங்கிலும் தொங்கவிட்டார்கள். டிரம்மின் மேல்விளிம்பில் உப்புநீர் அடைத்த வளையம் வைத்தார்கள். இன்றைய மெஷின், எடை ஒரு பக்கம் சாய்ந்தால் தானே சுற்றலை நிறுத்திவிடும்.

அப்போதுதான் பொறி தட்டியது. அன்று நாங்கள் போட்டது ஒற்றைப் போர்வை!

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். தண்ணீர் வடியாவிட்டாலும் மெஷின் பிழியாது. எனவே வடிகுழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. மெஷினை ஆட்டிப் பார்த்தேன். வெள்ளையடிக்க நகர்த்தியதில் ஒரு கால் தரையில் படவில்லை. ஸ்பேனரால் திருகி மட்டம் செய்தேன். போர்வைக்கு எதிர்ப்பக்கம் இரண்டு துண்டுகளைப் போட்டு ஓட்டினேன். ஆடாமல் பிழிந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

இத்தனை பார்த்தும் சுற்றாவிட்டால் பெல்ட்டோ மூடி சுவிட்சோ கெப்பாசிட்டரோ காரணமாக இருக்கலாம். அதற்கு மெக்கானிக்தான் வர வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், கை வைக்காதீர்கள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1975-இல். முதல் மெஷின் வந்தது 1994-இல். இடையில் 19 வருடம் என் வேட்டி, சட்டை, பிள்ளைகளின் யூனிபார்ம் எல்லாவற்றையும் அவள்தான் கையால் பிழிந்தாள். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான், ஒரு நாள்கூடப் போர்வையின் மறுமுனையைப் பிடித்ததில்லை.

இதைச் சொன்னதும் சிரித்தாள். "இப்ப ஞாபகம் வந்துச்சா? சரி, அந்தப் போர்வைய எடுத்துட்டுப் போய்க் கொடியில போடுங்க" என்றாள்.

போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.