கோர்வைத் தறியும் மகளின் மாலைப் பொழுதும்: காஞ்சிபுரத்தில் தாயில்லா வீட்டின் நட்புச் சூழல்

மனைவியை இழந்தோ பிரிந்தோ பெண்மக்களைத் தனியே வளர்க்கும் ஆணை இங்குத் தனித்தந்தை எனக் குறிப்பிடலாம். இத்தகைய தந்தையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சமையல், சடை பின்னுதல், பூப்பு, திருமணம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. மகளுக்குத் தோழிகள் வாய்க்கிறார்களா, வாய்த்தால் அவர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார முடிகிறதா என்ற கேள்வியை உறவினர்கூட எழுப்புவதில்லை. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பத்தை முன்வைத்து இக்கேள்வியை ஆராய்ந்தால், நட்பு என்பது தந்தை சொல்லும் அறிவுரையாலோ மகளின் கூச்சம் தெளிவதாலோ மட்டும் அமைவதன்று என்பதும், அவளுடைய மாலைப் பொழுது யாருக்கு உரியது, பெண்களின் போக்குவரவில் அவ்வீட்டுக்கு இடமுண்டா என்ற இரண்டும்தான் அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதும் புலப்படும்.

தமிழ் இலக்கிய மரபே இதில் தந்தைக்குக் கைகொடுப்பதில்லை. அகத்திணையில், அதாவது காதலையும் இல்வாழ்வையும் பாடும் பாடல் மரபில், தலைவியைப் போலவே மிகுதியும் பேசுபவள் தோழி. வளர்ப்புத்தாயான செவிலி பேசுகிறாள், பெற்றவளான நற்றாயும் பேசுகிறாள். தந்தையோ மகளின் காதலைக் குறிப்பால் உணர்ந்துகொள்பவராகவே தொல்காப்பியக் களவியலில் வைக்கப்படுகிறார். மகளின் அந்தரங்க உலகம் பெண்களின் வாய்மொழியால் இயங்குவது என்ற இந்த ஏற்பாட்டில், அப்பெண்களில் ஒருத்தி இல்லாமற்போனால் தந்தை என்ன பேசுவது என்பதற்கு முன்மாதிரி இல்லை. சங்ககால வள்ளல் பாரி இறந்தபின் அவன் மகளிர் இருவருக்கும் தந்தையின் நிலையில் நின்ற புலவர் கபிலர், சிற்றரசர்களான விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர்களை அழைத்துச் சென்று மணம் வேண்டியதைப் புறநானூறு காட்டுகிறது. காப்பாளரின் கடமை மணம் முடித்தலே என்று கொள்ளும் எண்ணம் எவ்வளவு பழையது என்பதற்கு இது சான்று. ஊரையும் உடன் விளையாடியவர்களையும் இழந்து வந்த அப்பெண்களுக்குத் துணையாகத் தாங்கள் இருவர் மட்டுமே எஞ்சினர் என்பது அங்குப் பேசுபொருள் ஆகவில்லை.

காஞ்சிபுரத்தின் நெசவாளத் தந்தை பகல் முழுவதும் வீட்டிலேயே இருப்பவர். அலுவலகம் செல்லும் தந்தைக்கு இல்லாத இந்த வாய்ப்பு மகளுக்கு நன்மையே என்று முதற்பார்வையில் தோன்றும். ஆனால் தறியும் அதே வீட்டில் இருக்கிறது. ஊரின் பெயரைச் சுமக்கும் சேலையின் சிறப்பு கோர்வை நெசவில் உள்ளது: உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் கொண்டு, இரண்டின் ஊடையிழைகளும், அதாவது குறுக்கிழைகளும், சேருமிடத்தில் ஒன்றையொன்று பிணைத்துக்கொள்ளும்படி நெய்வதே கோர்வை. இரு பக்கமும் கோர்வைக் கரை வைத்த சேலைக்கு ஊடையை ஓட்டும் மூன்று நாடாக்கள் வேண்டும். குழித்தறியில் கால்களைக் குழிக்குள் விட்டு மிதித்தபடி நெசவாளர் நெய்ய, ஒரு பக்கத்துக் கரை நாடாவை அவருக்கு அருகில் அமர்ந்த துணையாள் ஒவ்வொரு ஊடைக்கும் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் அமர்ந்தவர் கண்ணை எடுத்தால் தந்தையின் கை நின்றுவிடும். எனவே வாசலில் வந்து பெயர் சொல்லி அழைக்கும் வகுப்புத் தோழிக்கு அங்கிருந்து எழுந்து பதில் சொல்லவும் இயலாது.

துணையாளின் இருக்கையும், தார் சுற்றுதல் எனப்படும் ஊடை நூலைக் குச்சியில் ஏற்றும் வேலையும் மரபாக வீட்டுப் பெண்களையும் சிறுவரையும் சார்ந்தே வந்துள்ளன. தாய் இல்லாதபோது இவ்விரண்டும் அடுப்போடு சேர்ந்து மூத்த மகளின் மேல் இறங்குகின்றன. ஒரே தந்தையின் இரு மகள்களில் இளையவளுக்குத் தோழிகள் கூடுவதும், மூத்தவள் பதின்மூன்று வயதிலேயே தங்கைக்குத் தாயாகி ஒடுங்குவதும் இயல்பின் வேறுபாடு என்று கருதப்பட்டாலும், அது பெரும்பாலும் வேலைப் பங்கீட்டின் விளைவே. மூத்தவளை 'பொறுப்பான பெண்' என்று தெரு புகழும்போது அவள் இழந்தது கணக்கில் வருவதில்லை. அந்தப் புகழ்ச்சி அன்பாகவே சொல்லப்படுவதால் அதன் கொடுமை எளிதில் தெரிவதுமில்லை.

அடுத்தது வீட்டின் வாசல். கோயில் நகரமான காஞ்சியில் பெண்குழந்தைகளின் பழக்கம் பள்ளியில் தொடங்கினாலும் பெண்களின் சடங்குப் போக்குவரவில்தான் வேர்விடுகிறது. நவராத்திரியில் கொலு வைக்கும் வீடுகளுக்குச் சிறுமியர் பாவாடை கட்டிச் சென்று பாடிச் சுண்டலோடு திரும்புகையில், கூடச் சென்ற தாய்மார் வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் பெற்று, பதிலுக்குத் தம் வீட்டுக்கு அழைக்கிறார்கள். தாம்பூலம் கொடுக்கச் சுமங்கலி வேண்டும் என்ற வழக்கத்தால் மனைவியை இழந்தவரின் வீடு இந்த அழைப்புச் சுற்றிலிருந்து ஓசையின்றி விடுபடுகிறது. மகள் விருந்தாளியாகப் போகலாம், யாரையும் அழைக்க முடியாது. அழைக்க முடியாத பெண்ணின் நட்பு ஒருபக்கமாகவே நிற்கும். அத்தையோ சித்தியோ பக்கத்துவீட்டுப் பாட்டியோ அன்று வந்து அமர்ந்தால் இந்தத் தடை நீங்கிவிடுகிறது என்பதால், தனித்தந்தை செய்யக்கூடிய உருப்படியான உதவிகளுள் ஒன்று, கூச்சத்தை விட்டு அவர்களிடம் போய்க் கேட்பது. ஆண் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கும் பிற தாய்மாரின் அச்சமும் இந்த உறவுப் பெண்கள், பாட்டிமார் ஆகியோரின் வருகையால்தான் தணியும். அந்த அச்சத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாத தந்தையே மகளுக்குப் பயன்படுவார்.

பிரியதர்ஷன் இயக்கி, 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வான 'காஞ்சிவரம்' திரைப்படம் இவ்விடத்தில் கூர்ந்து பார்க்கத்தக்கது. மகளைப் பட்டுச்சேலையில் மணம் முடித்து அனுப்புவதாக வாக்களித்த நெசவாளர் வேங்கடம், அதற்காக வேலையிடத்துப் பட்டிழைகளைத் திருடி வீட்டில் இரகசியமாக நெய்கிறார். மனைவி இறந்தபின் மகளைத் தனியே வளர்க்கிறார். படத்தை வறுமையின் கதையாகவும் தொழிலாளர் போராட்டத்தின் கதையாகவும் படிப்பது சரியே. ஆயினும் தந்தையன்பு முழுவதும் ஒரு சேலைக்குள் குவியும்போது மகளின் இன்றைய நாட்கள் அவள் திருமண நாளுக்கு அடகு வைக்கப்படுகின்றன என்ற வாசிப்புக்கும் அதில் இடமுண்டு. மறைக்க வேண்டிய தறி உள்ள வீடு, யாருக்கும் தாராளமாகத் திறக்கக்கூடிய வீடாக இருக்க முடியாது.

மகளின் இந்த மாலைப் பொழுதைச் சட்டமும் அரசும் காணத் தவறியுள்ளன. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலையில் அமர்த்துவதைத் தடைசெய்தபோதே, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் உதவலாம் என விலக்களித்தது. படிப்புக்குப் பங்கமில்லை என்பதே இவ்விலக்கின் நியாயம். ஆனால் தோழியோடு கழிய வேண்டிய நேரமும் அதே மாலைதான், அதே விடுமுறைதான். மறுபுறம், 2018 டிசம்பரில் நடுவண் அரசு தன் ஊழியர்களில் தனித்தந்தையருக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை விரிவாக்கியது. கூலிக்கு நெய்பவருக்கு விடுப்பு என்ற ஒன்றே கிடையாது.

மகளைத் துணையாள் இருக்கையிலிருந்து எழுப்பிவிடும் தந்தை, அவ்விடத்தில் வேறொருவரை அமர்த்தித் தன் கூலியிலிருந்து பங்கு கொடுக்க நேர்கிறது. ஆகவே இவ்வூரில் மகளின் நட்புக்கு ரூபாயில் விலை உண்டு. அதைத் தந்தை ஒருவரே செலுத்த வேண்டும் என்பதற்கு நியாயமில்லை. சேலைக்குக் கூலி நிர்ணயிக்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள், தாயில்லாப் பெண்மக்கள் உள்ள வீடுகளுக்குத் துணையாள் கூலியைத் தனியே சேர்த்து வழங்கினால், மாலை ஐந்து மணிக்கு அப்பெண் எழுந்து வாசலுக்குப் போவதால் வீட்டின் வருமானம் குறையாது.