சென்னையில் சில்லறை வாணிகம்

ஒரு நகரத்தைக் காண வருவோர் அதன் கோயில்களையும் கோட்டைகளையும் முதலில் பார்ப்பர். அவற்றைக் கட்டியவர் யார், கட்டிய ஆண்டு எது என்பதைக் கல்வெட்டுகளும் ஏடுகளும் கூறிவிடும். ஆனால், அந்நகரத்து மக்கள் அன்றாடம் எதை உண்டனர், எதை உடுத்தனர், எதற்குப் பணமின்றித் தவித்தனர் என்பவற்றை அறிய வேண்டுமாயின் அங்காடிக்கே செல்லுதல் வேண்டும். பகலில் கூடும் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் பிரித்து வழங்கியவர் நம் முன்னோர். இவ்விரண்டும் மதுரை மாநகரில் சிறந்திருந்ததை மதுரைக்காஞ்சியால் அறிகிறோம். அத்தகைய அங்காடிகள் சென்னை மாநகரில் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இடம் பெயர்ந்தன, அவற்றின் விற்பனையை நாம் எவ்வாறு கணக்கிட்டு வருகிறோம் என்பதை இப்பேச்சில் ஆராய்வோம்.

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் மிகத் தொன்மையான ஊர்கள். ஆனால், சென்னை என்னும் வாணிக நகரம் 1639ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்ற கடற்கரை நிலத்தில் தோன்றியது. கோட்டைக்கு வெளியே நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் குடியேறிய பகுதி கறுப்பர் நகரம் எனப்பட்டது. 1911ஆம் ஆண்டில் அதற்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது. அங்கே தெருவுக்கு ஒரு சரக்கு என்பதே வழக்கம். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் தாள் என்று இன்றும் அவ்வழக்கம் நிலவுகிறது. பவளக்காரத் தெரு என்னும் பெயரே அங்கு வாழ்ந்தவர் தொழிலை அறிவிக்கிறது.

ஒரே சரக்கை விற்பவர் ஒரே தெருவில் கூடுவது ஏன்? போட்டி மிகுந்து இலாபம் குறையாதோ என்று மாணவர் வினவுவதுண்டு. வாங்குவோன் நான்கு கடைகளில் விலை கேட்டு ஒப்பிட விரும்புகிறான். ஆகவே கடைகள் மிக்க தெருவையே நாடி வருகிறான். கடன் கொடுப்போரும் தரகரும் சுமையாட்களும் அத்தெருவிலேயே கிடைக்கின்றனர். ஆதலின், தனித்திருக்கும் கடையினும் கூட்டத்தில் இருக்கும் கடைக்கே விற்பனை மிகுதி.

இக்கடைகளுக்குப் புறம்பே, கூரையும் பலகையும் இல்லாத வாணிகமும் தொடக்கம் முதலே இருந்தது. மாலை நேரத்தில் கூடிய குஜிலிக் கடைத்தெருவை இதற்குச் சான்றாகக் கூறலாம். பழம்பொருள்களும் சில்லறைச் சாமான்களும் அங்கே விலைபோயின. கதைப்பாடல்களும் சிந்துகளும் மலிவான தாளில் அச்சாகி அங்கே விற்பனையானமையால், அத்தகைய சிறு நூல்களுக்குக் குஜிலிப் பதிப்பு என்ற பெயரே நிலைத்தது. ஏழைகள் படித்த நூல்களுக்கு ஏழைகளின் கடைத்தெரு பெயர் கொடுத்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மவுண்ட் ரோட்டில் நடந்த வாணிகமோ வேறு வகையானது. 1844ஆம் ஆண்டில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தக நிலையமும், 1863ஆம் ஆண்டையொட்டி ஸ்பென்சர் நிறுவனமும் தோன்றின. குதிரை வண்டி உடைய துரைமாரும் உத்தியோகஸ்தரும் செல்வரும் அங்கே சென்றனர். இவ்வாறு கால்நடையாக வருவோருக்கு ஒரு கடைத்தெருவும் வண்டியில் வருவோருக்கு ஒரு கடைத்தெருவும் அமைந்தன. சென்னையின் சில்லறை வாணிகம் போக்குவரவைப் பின்பற்றியே நடந்து வந்துள்ளது என்பதற்கு இது முதற்சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நெருக்கடி மிகுந்து நகருக்கு இடராயிற்று. அதற்கு மாற்றாகச் சென்ட்ரல் இரயில் நிலையத்திற்கு அருகில் புதிய அங்காடி ஒன்று கட்ட மாநகராட்சி முற்பட்டது. 1898ஆம் ஆண்டில் கால்கோள் செய்யப்பெற்று, 1900ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அக்கட்டடமே மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரால் விளங்கிய மூர் மார்க்கெட்டு ஆகும். சிறு வணிகருக்குக் கூரை அளித்தல் நகராட்சியின் கடமை என்னும் கொள்கைக்கு அச்செங்கற் கட்டடம் ஒரு சின்னமாய் நின்றது. நாளடைவில் அதைச் சுற்றிப் பழைய புத்தகக் கடைகள் பெருகின. பாடநூலை முழு விலைக்கு வாங்க இயலாத எத்தனையோ மாணவர் அக்கடைகளால் கல்வி பெற்றனர்.

மாதச் சம்பளம் பெறுவோர் தொகை பெருகியதும் வாணிகத்தில் மற்றொரு மாறுதல் நேர்ந்தது. முதல் வாரத்தில் சம்பளம், கடை வாரத்தில் கடன் என்பதே அவர்தம் வாழ்க்கை. மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் தந்தார். வீட்டில் அடுப்பு எரிய அந்நோட்டு உதவிற்று. ஆனால் கடன்பட்டவன் விலையையோ தரத்தையோ வினவ இயலாது. இந்நிலையிலிருந்து விடுபடவே 1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு இயற்றப்பட்ட இந்தியக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் தந்தது. பிற வகைச் சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்தது. சட்டம் வழிகாட்டும் முன்னரே நுகர்வோர் தாமே ஒரு கடை நடத்த முனைந்தனர் என்பது சென்னைக்குப் பெருமை தருவதாகும்.

இனி, விற்பனையைக் கணக்கிடும் வரலாற்றுக்கு வருவோம். ஒரு நகரத்தில் எவ்வளவு பொருள் விற்கிறது என்பதை அரசாங்கம் அறிய நெடுங்காலம் வழியே இல்லை. சுங்கச் சாவடியில் இறக்குமதி தெரியும். இரயில் நிலையத்தில் சரக்கின் எடை தெரியும். ஆனால், கடைக்காரர் கல்லாவில் விழுந்த காசு அவருக்கும் அவர் கணக்குப் பிள்ளைக்கும் மட்டுமே தெரியும். இந்நிலையை மாற்றியது 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இராஜாஜி முதலமைச்சராய் இருந்தபோது மதுவிலக்கினால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய இவ்வரி விதிக்கப்பட்டது. அதன்படி ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் குறைந்தவர் வரி செலுத்த வேண்டுவதில்லை. ஆதலின் அவர் கணக்கும் காட்ட வேண்டுவதில்லை.

சிறு வணிகர்பால் காட்டிய இரக்கமே இவ்விலக்கு என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதனால் ஒரு விளைவு உண்டாயிற்று. அன்று முதல் வாணிகம் இரு பிரிவாயிற்று. ஏட்டில் ஏறிய வாணிகம் ஒன்று. ஏட்டில் ஏறாத வாணிகம் மற்றொன்று. சட்டங்கள் மாறின. 1959ஆம் ஆண்டில் புதிய விற்பனை வரிச் சட்டமும், 2007இல் மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலை முதல் நாளில் சரக்கு மற்றும் சேவை வரியும் வந்தன. இறுதியாகக் கூறிய வரியில் பதிவு செய்துகொள்ள வேண்டிய எல்லை 20 லட்சம் ரூபாய் என முதலில் இருந்தது. சரக்கு விற்போர்க்கு அது 2019இல் 40 லட்சமாக உயர்ந்தது. எல்லைகள் உயர்ந்தனவேயன்றி அப்பிரிவினை நீங்கவில்லை.

இரயில் பாதை வாணிகத்தை எவ்வாறு இழுத்துச் சென்றது என்பதற்குத் தியாகராய நகரே தக்க சான்று. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரால் 1920களில் அமைந்த குடியிருப்பு அது. 1931ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்கியவர் நடந்து சென்ற சிறு தெருவே ரங்கநாதன் தெரு. குடியிருப்பாய் இருந்த அத்தெரு, நிலையத்தின் வாயிலில் இருந்த ஒரே காரணத்தால், நாட்டில் நெரிசல் மிக்க கடைத்தெருக்களுள் ஒன்றாயிற்று. 1901இல் ஏறத்தாழ 5 லட்சமாய் இருந்த நகர மக்கள்தொகை 1951இல் 14 லட்சமாகவும், 2011இல் அக்கால நகர எல்லைக்குள் 46 லட்சமாகவும் பெருகிற்று. இப்பெருக்கத்தை ஜார்ஜ் டவுன் ஒன்றே தாங்க இயலாது அன்றோ?

அளவைகளும் மாறின. படியும் ஆழாக்கும், வீசையும் பலமும் வழங்கிய கடைகளில் கிலோகிராமும் லிட்டரும் புகுந்தன. 1957 ஏப்ரல் முதல் நாளில் புதிய காசு வந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று மனப்பாடம் செய்த பாட்டிமார், நூறு காசு ஒரு ரூபாய் என்பதையும் விரைவில் கற்றனர். இருப்பினும் பழைய சொல்லின் ஆற்றல் குன்றவில்லை. 1967ஆம் ஆண்டில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டபோது, மக்கள் உள்ளத்தைத் தொட்டது படி என்னும் அச்சொல்லே.

காலப்போக்கில் வாணிகத்தின் பருவங்களும் மாறின. திருமணம் நிகழாத ஆடி மாதம் துணிக்கடைக்கு வறண்ட மாதமாய் இருந்தது. தேங்கிய சரக்கைத் தள்ளிவிட விலை குறைத்தனர் வணிகர். அந்த ஆடித் தள்ளுபடியே இன்று பெருவிற்பனைக் காலமாகிவிட்டது. குடும்பச் செலவின் அமைப்பும் மாறிற்று. இந்திய நகரங்களில் ஒருவர் செலவிடும் தொகையில் உணவின் பங்கு 1999–2000இல் நூற்றுக்கு 48ஆக இருந்தது. 2022–23இல் அது 39ஆகக் குறைந்தது. உணவு போக எஞ்சிய பணம் துணி, பாத்திரம், மின்பொருள், வாகனம் முதலியவற்றை நாடிச் செல்கிறது. சென்னையின் பல்லடுக்குக் கடைகள் எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்வளர்ச்சியினூடே சிறு வணிகர் அடைந்த நிலை யாது? 1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட்டு தீக்கு இரையாயிற்று. அவ்விடத்தில் புறநகர் இரயில் நிலையம் எழுந்தது. 1996ஆம் ஆண்டில் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. குறுகிய தெருக்களில் மூட்டையோடு முட்டி மோதியவர்க்கு அகன்ற வளாகம் கிடைத்தது உண்மையே. ஆனால், விடியுமுன் சாவடியில் வாங்கிக் கூடையைத் தலையில் ஏற்றி வடசென்னைத் தெருக்களில் விற்று வந்த பெண்டிர்க்குப் பல கல் தொலைவும் வண்டிக் கூலியும் கூடின. 2013ஆம் ஆண்டில் பாண்டி பஜார் நடைபாதை வணிகர் மாநகராட்சி கட்டிய வளாகத்துள் மாற்றப்பட்டனர். 2019இல் அச்சாலை நடப்போர்க்கு உகந்த அகன்ற வளாகமாய் அழகுபெற்றது. நடப்பவர்க்கு அஃது இன்பமே. ஆனால், போகிற போக்கில் வாங்குபவரை நம்பி வாழும் வாணிகம், படியேறி வருவோரை நம்பி வாழ்வது எளிதன்று.

ஒவ்வோர் இடமாற்றத்தின் போதும் விற்பனைக் கணக்கு உயர்ந்ததாகவே அறிக்கைகள் காட்டும். அவ்வுயர்வை ஆராய்ந்து பார்த்தல் நம் கடமை. பள்ளிக் கணக்குப் போல் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். ஒரு தெருவோரத்தில் பத்துப் பேர் ஆயத்த ஆடை விற்கின்றனர் என்க. ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் விற்பனை. ஆகப் பத்துப் பேருக்கும் 10,000 ரூபாய். இவ்விற்பனை எந்த ஏட்டிலும் இல்லை. அத்தெருவில் இரசீது தரும் பெரிய கடை ஒன்று திறக்கப்படுகிறது. பழைய விற்பனையில் பாதி அக்கடைக்குச் செல்கிறது. ஏட்டில் இப்பொழுது 5,000 ரூபாய் புதிதாய் ஏறுகிறது. நகரத்தின் விற்பனை வளர்ந்தது என்று அறிக்கை கூறும். ஆனால், மக்கள் வாங்கிய சட்டைகளில் ஒன்றேனும் கூடவில்லை. பத்துக் குடும்பங்களின் வருவாய் பாதியாய்க் குறைந்ததே நிகழ்ந்தது. விலைவாசி ஏறுமாயின் அறிக்கையில் காணும் வளர்ச்சி மேலும் பெருக்கமாய்த் தோன்றும்.

பெரிய கடைகள் வேண்டா என்பது என் கருத்தன்று. சரியான எடை, அச்சிட்ட விலை, மாற்றித் தரும் பொறுப்பு ஆகிய நன்மைகளை அவை பரப்பின. கைப்பேசி வழியே பணம் செலுத்தும் முறை 2016க்குப் பின் பரவியதால், தள்ளுவண்டிக்காரரும் சில்லறைத் தட்டுப்பாடின்றி வாணிகம் செய்கிறார். நான் வேண்டுவது, கணக்கு முழுமையானதாய் இருத்தல் வேண்டும் என்பதே.

கணக்கில் இடம் பெறுவதால் ஏழைக்கு வரும் பயன் யாது என்று சிலர் வினவலாம். 2020ஆம் ஆண்டு இதற்கு விடை தந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் கொள்ளைநோய் காரணமாகக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. தெரு வாணிகமும் முடங்கிற்று. அடுத்த மாதத்தில் ஒன்றிய அரசு தெரு வணிகர்க்கு 10,000 ரூபாய் கடன் அளிக்கும் திட்டத்தை அறிவித்தது. காலையில் தண்டல் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்புவோருக்கு அது பேருதவி. ஆனால், ஒருவர் தெரு வணிகர் என்பதற்குச் சான்று வேண்டுமே! அடையாள அட்டை பெற்றவர் எளிதில் கடன் கேட்டனர்; பெறாதவர், இருபது ஆண்டு ஒரே மூலையில் பூ விற்றிருப்பினும், முதலில் தம்மை மெய்ப்பிக்க வேண்டியவராயினர்.

இதற்குரிய சட்டம் முன்னரே இருந்தது. 2014ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் தெரு வணிகரைக் கணக்கெடுத்தல் வேண்டும். அக்கணக்கெடுப்பு முடியுமுன் எவரையும் அகற்றலாகாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் வணிகரின் பேராளர் இருத்தல் வேண்டும். சட்டம் செம்மையானதே. அதை ஏட்டோடு நிறுத்தாமல் தெருவிற்குக் கொண்டு வருவதே எஞ்சியுள்ள பணி.

குஜிலிக் கடைத்தெரு முதல் கைப்பேசி வாணிகம் வரை சென்னையின் அங்காடிகள் பலமுறை மாறியுள்ளன, இனியும் மாறும். புதிய இரயில் பாதையும் புதிய குடியிருப்பும் தோன்றுமிடந்தோறும் கடைகள் தோன்றும். அவ்வாறு ஒரு பாதையோ பாலமோ வரையப்படும்போது, அவ்விடத்தில் கூடை வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணி எழுதிக்கொண்ட பின்னரே வரைபடத்தில் கோடு இழுக்க வேண்டும். ஆண்டுதோறும் வெளியாகும் விற்பனை அறிக்கையில் அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குதல் வேண்டும். அது மாநகராட்சியால் இயலாத காரியம் அன்று. சிறு வணிகருக்கென 1900ஆம் ஆண்டில் ஒரு மாளிகையே கட்டித் தந்த மாநகராட்சி அது.