மலாக்காவில் ஒரு கடைப்பலகை

கோலாலம்பூரில் கருத்தரங்கு முடிந்த மறுநாள் காலை மலாக்காவுக்குப் பேருந்து ஏறினோம். நாங்கள் மூவர். ஒருவர் வங்காளி, ஒருவர் மலையாளி, மூன்றாமவன் நான். ஐதராபாத்தில் மொழியியல் முதுகலை ஒன்றாகப் பயின்றவர்கள். இன்று மூன்று நகரங்களில் ஆய்வு செய்கிறோம்.

முதல் நாளில் எல்லோரும் காண்பவற்றை நாங்களும் கண்டோம். டச்சுக்காரர் கட்டிய செந்நிற ஆளுநர் மாளிகை, 1753-இல் எழுந்த தேவாலயம், 1511-இல் நகரைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியரின் கோட்டையில் எஞ்சிய ஒற்றை வாயில். பொம்மைகளால் அலங்கரித்த மூன்றுசக்கர வண்டிகளின் பாட்டொலியைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

ஆற்றைக் கடந்து யோங்கர் தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு கடையின் பெயர்ப்பலகை என்னை நிறுத்தியது. ‘கெடாய்’. மலாயில் கடை என்பதற்கு அதுதான் சொல். பாடநூலில் பலமுறை படித்த சொல்தான். ஆயினும் தெருவில் பார்த்தபோது ஓர் இறுமாப்பு வந்தது. பட்டியலை ஒப்பித்தேன்: கப்பல் அங்கே ‘கப்பால்’, பெட்டி ‘பெத்தி’, கட்டில் ‘காத்தில்’, முதல் என்னும் வணிக மூலதனம் ‘மொடால்’, காவல் ‘காவால்’, பல வகை ‘பெல்பகாய்’.

மலையாள நண்பர் சிரித்தார். “இவை எல்லாம் எங்கள் மொழியிலும் உண்டு. தமிழ் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?”

நியாயமான கேள்வி. ஒரு கோப்பை சென்டோல் கரையும் வரை அதை விவாதித்தோம். விடை ஈற்றெழுத்தில் இருந்தது. தமிழின் ஐகார ஈறு மலையாளத்தில் அகரமாகிவிட்டது: கடை ‘கட’, திரை ‘திர’, கழுதை ‘கழுத’. மலாயிலோ ‘கெடாய்’, ‘திராய்’, ‘கெல்டாய்’ என ஐகாரம் அப்படியே நிற்கிறது. கழுதையைக் காண்பதே அரிதான நாட்டுக்கு அதன் பெயர் மட்டும் கப்பலேறிப் போயிருப்பது தனி வேடிக்கை.

இன்னொன்றும் புலப்பட்டது. கடையிலுள்ள ஒற்றை டகரமும் முதலிலுள்ள ஒற்றைத் தகரமும் மலாயில் ஒலிப்புடை ஒலியாகியுள்ளன. பெட்டி, கட்டில், கப்பல் ஆகியவற்றின் இரட்டை மெய்கள் ஒலிப்பிலா ஒலியாகவே நின்றன. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைத் தனிக் குறியால் காட்டுவதில்லை. ஆகவே இச்சொற்கள் ஏட்டிலிருந்து படித்தெடுக்கப்பட்டவை அல்ல. துறைமுகத்தில் காதால் கேட்கப்பட்டவை. கடன் கொடுத்த வணிகனின் உச்சரிப்பு, கடன் வாங்கிய மொழியில் பதிந்து கிடக்கிறது.

வங்காள நண்பர் தம் பங்குக்கு ராஜா, பாஷை, கபாலம், தோஷம் என்று அடுக்கினார். வடமொழி மலாய்க்கு அரசவையையும் சமயத்தையும் சார்ந்த சொற்களைப் பெரிதும் தந்தது. தமிழ் தந்தவற்றில் கடை, கப்பல், பெட்டி, முதலீடு ஆகியவை முன்னிற்கின்றன. தமிழன் ஆண்ட பூமி என்று இணையத்தில் முழங்குவோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். சொற்கள் ஆட்சிக்கு அல்ல, பண்டமாற்றுக்குச் சான்று கூறுகின்றன. அதில் குறைவு என்ன?

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வாழ்ந்த தோமே பிரெஸ், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதினார். சுல்தானகக் காலத்தில் நான்கு துறைமுகத் தலைவர்கள் இருந்தனர். சோழமண்டலக் கரை வணிகர் அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் இருந்தனர். அவ்வணிகருள் ஒருவரான நைனா சாத்து, சிறைப்பட்ட போர்ச்சுகீசியருக்கு உதவி, நகரம் வீழ்ந்தபின் பெண்டகாரா பதவி பெற்றார். 1514-இல் அப்பதவி பறிபோக, தீப்புகுந்து உயிர்நீத்தார் என்பது போர்ச்சுகீசியர் தரும் செய்தி. அவரைத் துரோகி என்பதா, பிழைக்கத் தெரிந்தவர் என்பதா? எங்களுக்குள் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

பொற்கொல்லர் தெருவில் 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் அருகருகே உள்ளன. பள்ளிவாசலின் கூரை மூன்றடுக்கு. மினார் சீனக் கோபுரத்தை நினைவூட்டும். ‘கிளிங்’ என்பது கலிங்கத்திலிருந்து வந்த பெயர். பழைய மலாய் ஏடுகளில் தென்னிந்திய வணிகரைக் குறித்த வெறும் அடையாளச் சொல்; இன்று மலேசிய இந்தியரைக் காயப்படுத்தும் வசை. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது பழைய பொருளோடு நிலைத்திருக்கிறது.

மாலையில் காஜா பெராங் பகுதிக்குச் சென்றோம். சுல்தானகக் காலத்தில் குடியேறி, இந்நாட்டுப் பெண்களை மணந்த தமிழ் வணிகரின் வழியினரான மலாக்காச் செட்டிகள் வாழும் இடம். சைவ வழிபாடு மாறவில்லை. போகியன்று வாழையிலையில் முன்னோர்க்குப் படைக்கிறார்கள். வீட்டுமொழியோ மலாய்வழிக் கலப்புமொழி. தமிழ் எப்போதோ நின்றுவிட்டது.

கோயில் வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரை வணங்கித் தமிழில் பேசினேன். அவர் புன்னகைத்துக் கைகளை விரித்தார். பிறகு என் அரைகுறை மலாயில்தான் உரையாடல் நடந்தது. தேநீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். தெருமுனையைக் காட்டி, “கெடாய்” என்றார்.

அது எங்கள் சொல் என்று சொல்ல நாவின் நுனிவரை வந்தது. அவருக்கு அது அவருடைய தாய்மொழி. நன்றி கூறி, நண்பர்களோடு அவர் காட்டிய திசையில் நடந்தேன்.