தணிக்கையாளன் என்னும் வாசகன்

ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) நாவலில் அதிகம் படித்தவர் யார் என்று கேட்டால், பலரும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஃபேபரைத்தான் சொல்வார்கள். என் கணக்கில் அந்த இடம் பீட்டிக்கு. வீடு வீடாகப் புகுந்து புத்தகங்களைக் கொளுத்தும் தீயணைப்புப் படைக்குத் தலைவர் அவர். மேற்கோள் இல்லாமல் அவருக்குப் பேச்சே வராது. அவருக்குக் கீழே வேலை பார்க்கும் மான்டாக்கோ, ஒளித்துவைத்த விவிலியத்திலிருந்து ஒரு வரியை மனப்பாடம் செய்யப் படாத பாடு படுகிறான். பாதாள ரயிலில் பற்பசை விளம்பரம் காதைப் பிளக்கிறது. அந்த வரி மனத்தில் நிற்கவே மறுக்கிறது.

கற்பவனைத் துரத்துபவன் அவனைவிட அதிகம் கற்றவனாக இருப்பது பிராட்பரியின் தனிக் கற்பனை அன்று. அறிவையும் தடையையும் பொருளாகக் கொண்ட இருபதாம் நூற்றாண்டின் பெரிய நாவல்கள் சிலவற்றில் இதே ஏற்பாட்டைக் காண்கிறோம். விரட்டப்படுபவன் அரைகுறை வாசகன். விரட்டுபவன் முழு வாசகன்.

பீட்டி மான்டாக்கின் வீட்டுக்கு வரும் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மான்டாக் உடம்பு சரியில்லை என்று படுத்திருக்கிறான். தலையணைக்கு அடியில் திருட்டுப் புத்தகம். பீட்டி நிதானமாக உட்கார்ந்து, பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு, புத்தகங்கள் ஒழிந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறார். அரசாணை எதுவும் முதலில் வரவில்லையாம். நூல்கள் சுருக்கங்களாயின, சுருக்கங்கள் துணுக்குகளாயின, யார் மனமும் நோகக் கூடாது என்று ஒவ்வொன்றாக வெட்டினார்கள். கடைசியில் தீ வைப்பது வெறும் துப்புரவு வேலை ஆயிற்று. அவர் பேசிக்கொண்டே இருக்க, மனைவி மில்ட்ரெட் தலையணையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று இழுக்கிறாள். புத்தகத்தின் மூலை அவள் கையில் தட்டுப்படுகிறது. பீட்டி பார்த்தும் பார்க்காதவர் போல இருக்கிறார். தவறுதலாக ஒரு தீயணைப்பு வீரன் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனால் இருபத்து நான்கு மணி நேரம் விட்டுவைப்போம், பிறகு நாங்களே வந்து கொளுத்துவோம் என்று போகிற போக்கில் சொல்கிறார். அந்தக் கெடு யாருக்கு என்பதில் ஐயமே இல்லை. இத்தனை நீளமான பிரசங்கத்தை வேறு நாவலில் படித்திருந்தால் பக்கத்தைத் தள்ளியிருப்பேன். இங்கே தலையணை இருப்பதால் ஒரு சொல்லையும் விட முடிவதில்லை.

ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) நாவலில் இதே நாற்காலியில் உலக ஆட்சியாளர்களில் ஒருவரான முஸ்தபா மோண்ட் உட்கார்ந்திருக்கிறார். விவிலியம் உள்ளிட்ட தடைசெய்யப்பட்ட நூல்கள் அவருடைய அறையில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. உயிரியல் பற்றிய புதிய கோட்பாடு ஒன்று வெளியீட்டு அனுமதிக்காக அவரிடம் வருகிறது. கட்டுரை அபாரம் என்று ரசித்துப் படித்துவிட்டு, வெளியிடக் கூடாது என்று எழுதுகிறார். எழுதியவரைக் கண்காணிப்பில் வைக்கவும் ஆணை போடுகிறார். வாலிபத்தில் அவரே ஒரு இயற்பியலாளர். தீவுக்குப் போய் ஆராய்ச்சியைத் தொடர்வதா, ஆட்சிக் குழுவில் சேர்வதா என்று கேட்டபோது ஆட்சியைத் தேர்ந்துகொண்டவர். தான் இழந்தது என்னவென்று தெரிந்தே பிறருக்கு அதை மறுப்பதால்தான், இந்த வரிசையில் அவர் எனக்கு அதிகம் உறுத்துகிறார்.

ஆர்வெல்லின் '1984' (1949) இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. தலைமறைவு இயக்கத்தின் வேதம் என்று நம்பப்படும் கோல்ட்ஸ்டைனின் நூலை எழுதியவர்களில் தானும் ஒருவன் என்கிறான் ஆளும் கட்சியின் உள்வட்டத்து ஓ'பிரையன். நாயகன் வின்ஸ்டன் அந்த நூலைப் பழைய பொருள் கடையின் மாடியறையில் வைத்துப் படிக்கிறான். பக்கத்தில் காதலி ஜூலியா தூங்கிப் போகிறாள். கட்சி எப்படி ஆள்கிறது என்பது அவனுக்குப் புரிகிறது. ஏன் ஆள்கிறது என்று நூல் சொல்லவரும் இடத்தில் மூடிவைக்கிறான். அதற்குப் பிறகு படிக்க வாய்ப்பே இல்லை, கைதாகிறான். விடுபட்ட அந்த விடையைச் சித்திரவதைக் கூடத்தில் ஓ'பிரையன் வாயால் கேட்கிறான். ஏழு ஆண்டுகளாக உன்னைக் கவனித்துவருகிறேன் என்று ஓ'பிரையன் சொல்லும்போது, அந்தத் துரத்தலில் ஒரு ஆசிரியனின் பொறுமை தெரிகிறது. நடுங்கவைக்கும் பொறுமை.

உம்பர்த்தோ எக்கோ 1980-ல் எழுதிய 'ரோஜாவின் பெயர்' நாவலில் துரத்துபவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. 1327 நவம்பர், வட இத்தாலிய மடம் ஒன்று. அங்குள்ள கண் தெரியாத முதிய துறவி ஜோர்கே, நகைச்சுவையைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதாகச் சொல்லப்படும் நூலைப் பூட்டிவைத்திருக்கிறார். அதன் தாள்களில் நஞ்சு தடவியிருக்கிறார். விரலை எச்சில் தொட்டுப் புரட்டுகிறவன் படித்த அளவுக்குச் சாவான். துப்பறியும் வில்லியம் வந்து சேர்ந்ததும் தாள்களைக் கிழித்துத் தானே தின்கிறார். அந்த நூல் அவ்வளவு ஆபத்து என்றால் என்றைக்கோ எரித்திருக்கலாமே? அவரால் முடியவில்லை. நூலகத்தில் வளர்ந்த கை ஏட்டை அழிக்கக் கூசுகிறது. அந்தக் கூச்சத்துக்கு மடத்தில் எத்தனையோ உயிர்கள் பலி.

பீட்டிக்கே திரும்புவோம். மான்டாக் அவரை நெருப்புக் குழாயால் சுட்டெரித்தபின் நாவலில் துரத்தலின் தன்மையே மாறிவிடுகிறது. எட்டுக் கால் இயந்திர நாய் மோப்பம் பிடித்து ஓடுகிறது. தொலைக்காட்சி அதை வீட்டுக்கு வீடு நேரலையில் காட்டுகிறது. மான்டாக் ஆற்றில் இறங்கி, ஃபேபரின் பழைய உடைக்கு மாறி, வாசனையைத் தொலைத்துவிடுகிறான். நாய் தோற்றது. ஆனால் பார்வையாளர்களைக் காக்க வைக்க முடியாதே! அதிகாலையில் நடைபோன யாரோ ஒருவனை மான்டாக் என்று காட்டிக் கொன்றுவிடுகிறார்கள். முகம் தெளிவாகத் தெரியாதபடி படம் பிடிக்கிறார்கள். துரத்துவோரில் படித்தவர் ஒருவர் இருந்தவரை மான்டாக்கின் மனத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர் போனபின் அவர்களுக்கு ஒரு உடல் கிடைத்தால் போதும். நாவலின் மிகக் கூர்மையான இடம் இதுதான். 1966-ல் இதைப் படமாக்கிய த்ரூஃபோ இயந்திர நாயையே விட்டுவிட்டது எனக்கு இன்றும் குறை.

நிஜத் தணிக்கையாளர்களும் இப்படிப் படித்தவர்கள்தானா? சோவியத் எழுத்தாளர் வசீலி கிராஸ்மனைக் கேட்டிருக்க வேண்டும். அவருடைய 'வாழ்வும் விதியும்' நாவலை 1961 பிப்ரவரியில் கே.ஜி.பி. பறிமுதல் செய்தது; தட்டச்சுப் படிகளோடு கார்பன் தாள்களையும் தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனையும் விடவில்லை. அடுத்த ஆண்டு கட்சியின் கொள்கைக் காவலர் சுஸ்லோவ் அவரைச் சந்தித்து, இன்னும் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு இது வெளிவராது என்றார். நாவலை நான் படிக்கவில்லை, அதைப் பற்றிய அறிக்கைகளைத்தான் படித்தேன் என்றும் சொன்னார். கிராஸ்மன் 1964-ல் இறந்தார். நண்பர் காப்பாற்றிய படி மைக்ரோஃபிலிமாக எல்லை கடந்து 1980-ல் சுவிட்சர்லாந்தில் அச்சாயிற்று. சுஸ்லோவைப் பார்த்தபின் பீட்டியும் மோண்டும் நாவலாசிரியர்கள் தங்கள் எதிரிக்குச் செய்த மரியாதை என்றே தோன்றுகிறது. தங்களை எரிக்க வருபவனாவது தங்களைப் படித்திருக்க வேண்டும் என்ற எழுத்தாளனின் ஆசை.

பிராட்பரிக்கு வாய்த்தவர் வேறு ரகம். 1967-ல் பலன்டைன் பதிப்பகம் பள்ளி மாணவர்களுக்கென்று 'ஃபாரன்ஹீட் 451'-க்கு ஒரு பதிப்பு போட்டது. ஆசிரியருக்குத் தெரியாமல் அதில் 75 இடங்களில் கை வைத்திருந்தார்கள். 1973 முதல் கடைகளுக்கு வந்ததும் அந்த வெட்டுப்பட்ட பிரதி மட்டுமே. மாணவர்கள் கடிதம் எழுதித்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது; 1979-ல் சண்டை போட்டு மூலத்தை மீட்டார். வசவுச் சொற்கள் நீங்கியிருந்தன, குடிகாரன் நோயாளி ஆகியிருந்தான், தொப்புள் அழுக்கு காது அழுக்காகியிருந்தது. புத்தகம் எரிப்பதைப் பற்றிய நாவலுக்கே இந்தக் கதி.