அண்ணன் அழைத்தான், தம்பி வந்தான்



நம் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பள்ளிவாசல்களைப் பற்றியும் தர்காவைப் பற்றியும் நம்மவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் ஒரு கேள்வியின் வரலாற்றை எழுத முன்வந்தோம். நம் கடைகளிலும் வீடுகளிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி அது: "கூடப் பிறந்த அண்ணன் இந்த நாட்டுக் குடிமகன். பர்மிட்டில் வேலை செய்யும் தம்பிக்கு அண்ணனைக் காட்டி பி.ஆர். வாங்க முடியுமா?"

இன்றைய பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வி ஏன் பிறந்தது, நம் பெரியவர்கள் காலத்தில் இதற்கு ஏன் வேறு பதில் இருந்தது என்பதை அறிந்தால்தான் அந்த ஒரு வரி நமக்கு விளங்கும்.

கதவு இல்லாத காலம்

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கி ஆண்டுகள் பல ஆகுமுன்பே நம்மவர்கள் இங்கே கடை வைத்துவிட்டார்கள். 1794-இல் லைட் எழுதிய குறிப்பில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கே தங்கியிருப்பதாகவும், அவர்களில் சிலர் குடும்பத்தோடு இருப்பதாகவும் சொல்கிறார். ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். நம் ஊர்ப் பேச்சில் 'சபர்' என்று சொல்வோமே, அந்தச் சபராளி வாழ்க்கையின் முழு இலக்கணமும் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. ஒருவர் போவார், அவர் இடத்துக்கு இன்னொருவர் வருவார். அந்த இன்னொருவர் பெரும்பாலும் தம்பியாகவோ மச்சானாகவோ அண்ணன் மகனாகவோ இருப்பார்.

1801-இல் காதர் முகைதீன் தலைமையில் கபித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. சூலியா தெரு நம்மவர்களின் பெயரையே தாங்கி நின்றது. நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுந்த தர்கா, கடல் கடந்து வந்தவர்களுக்கு ஊரின் வாசத்தைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் தம்பியை வரவழைக்க எந்த அலுவலகத்திலும் மனுப் போட வேண்டியதில்லை. சென்னை மாகாணமும் பினாங்கும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தன. 1933-இல் வெளிநாட்டவர் சட்டம் வந்தபோதுகூட அது பிரிட்டிஷ் பிரஜைகளான இந்தியர்களைத் தொடவில்லை. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவித்தொகை பெற்றுத் தோட்டத் தொழிலாளர்கள் வருவதைத் தடுத்தது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வியாபாரிகளுக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை.

அண்ணன் கடிதம் போடுவார். டிக்கெட்டுக்குப் பணம் அனுப்புவார். தம்பி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ 'ரஜுலா' ஏறுவார். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து, கட்டுச்சோறும் ஊறுகாயுமாக வந்து இறங்கியவர்கள்தாம் நம்மில் பலருடைய பாட்டனார்கள். வந்த தம்பிக்கு அண்ணன் கடையின் மாடியில் படுக்கை இருக்கும், சாப்பாடு இருக்கும். சம்பளம் பேரேட்டில் ஏறும். சில ஆண்டுகள் கழித்து அண்ணன் ஊருக்குப் போக, தம்பி கல்லாவில் உட்காருவார். நம் கடைகளின் பெயர்ப்பலகைகளில் 'பிரதர்ஸ்' என்ற சொல் இத்தனை முறை வந்தது சும்மா இல்லை.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் முதன்முதலாக 1941 டிசம்பரில் தெரிந்தது. ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தது, ஜப்பானியர் வந்தார்கள், கப்பல் நின்றது. மூன்றரை ஆண்டுகள் இங்கிருந்து பணமும் போகவில்லை, கடிதமும் போகவில்லை. ஒரே வீட்டின் பிள்ளைகள் கடலின் இரு கரைகளில், ஒருவர் உயிரோடு இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் வாழ்ந்தார்கள்.

1953: முதல் கதவு

1952-ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நம் வரலாற்றில் இது சுதந்திர நாளுக்கு அடுத்தபடி முக்கியமான தேதி என்போம். அதுவரை கப்பல் டிக்கெட் இருந்தால் வரலாம். அதன்பின், இங்கே கிடைக்காத திறமை உள்ளவர், வணிகத்தையும் தொழிலையும் வளர்க்கக்கூடியவர், இங்கே வசிப்பவரின் குடும்பத்தார், தனி இரக்கக் காரணம் உள்ளவர் என்று சட்டம் ஆட்களை வகை பிரித்தது.

இதில் 'குடும்பத்தார்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நமக்குக் குடும்பம் என்றால் அத்தா, உம்மா, அண்ணன், தம்பி, அக்கா, மச்சான், சாச்சா பிள்ளைகள் எல்லாரும்தான். சட்டத்துக்குக் குடும்பம் என்றால் மனைவியும் வயது வராத பிள்ளைகளும். ஒன்றரை நூற்றாண்டாக நம் வணிகத்தைத் தாங்கி நின்ற அண்ணன் தம்பி உறவு, சட்டத்தின் கணக்கில் குடும்பத்துக்கு வெளியே நின்றது. 1959-இல் விதிகள் மேலும் இறுகின.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். சுதந்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாடு, யார் உள்ளே வரலாம் என்பதைத் தானே தீர்மானிக்க விரும்பியதில் தவறில்லை. உலகம் முழுவதும் நாடுகள் அதையே செய்தன. ஆனால் நம்மவர்கள் வாழ்ந்த முறைக்கும் சட்டம் எழுதப்பட்ட முறைக்கும் இடையில் ஒரு பள்ளம் விழுந்தது. இன்றுவரை நம் குடும்பங்கள் அந்தப் பள்ளத்தைத்தான் தாண்டிக்கொண்டிருக்கின்றன.

நீலமும் சிவப்பும்

1957 ஆகஸ்ட் 31 மெர்டேகா. புதிய அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, மெர்டேகா நாளன்று இங்கே வசித்தவர்களுக்கு ஒரு வழியைத் திறந்தது. முந்தைய 12 ஆண்டுகளில் மொத்தம் 8 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்து, நன்னடத்தையும் ஓரளவு மலாய் அறிவும் நிரந்தரமாகத் தங்கும் எண்ணமும் இருந்தால் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம். முதல் ஓராண்டில் மனுச் செய்தவர்களுக்கு மொழித் தேர்வும் தேவைப்படவில்லை.

பலர் பதிந்தார்கள். பலர் பதியவில்லை. பதியாதவர்கள் எல்லாரும் அறியாதவர்கள் அல்லர். சபராளியின் மனத்தில் ஊர்தான் வீடு, பினாங்கு பிழைக்க வந்த இடம். மனைவி மக்கள் அங்கே, நிலபுலன் அங்கே, கடைசியில் கபர் அங்கேதான் என்று நினைத்தவர்களுக்கு, இந்தியக் கடப்பிதழை விட்டுவிட மனம் வரவில்லை. எட்டு ஆண்டுக் கணக்கைக் காட்டத் தாள் இல்லாதவர்களும் இருந்தார்கள். ஊருக்கும் இங்குமாகப் போய் வந்தவருக்கு ஆண்டுகளைக் கூட்டிக் காட்டுவது எளிதல்ல. அந்த 17-ஆவது பிரிவு 1963-இல் நீக்கப்பட்டது.

இப்படித்தான் ஒரே அத்தா உம்மாவின் பிள்ளைகளில் ஒருவர் நீல அட்டைக்காரராகவும் இன்னொருவர் சிவப்பு அட்டைக்காரராகவும் ஆனார்கள். ஒரே கடையில் ஒரே தராசைப் பிடித்தவர்களுக்கு இரண்டு நிறம்.

நிறத்தின் அருமை 1969-இல் தெரிந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய பர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. மே 13-க்குப் பிறகு அது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. நிரந்தரவாசி என்ற சிவப்பு அட்டை, தங்குவதற்கு உரிமை தந்ததே தவிர வேலைக்கு உத்தரவாதம் தரவில்லை. நாடு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் அந்நாளில் தாயகம் திரும்பியதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். நகரத்துக் கடைச் சிப்பந்திகளும் தப்பவில்லை. அதே ஆண்டில் ஜார்ஜ்டவுன் தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியையும் இழந்தது. வேலைக்குத் தடை, வியாபாரத்துக்கும் அடி என்று இரண்டும் சேர்ந்து வந்தன.

நம் சங்கம் இந்தச் சூழ்நிலை ஆறுமுன்னர் பிறந்த சங்கம் என்பதை இளைய தலைமுறை நினைவில் கொள்ள வேண்டும்.

'ரஜுலா' 1973-இல் ஓய்ந்தது. பின்னர் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அத்தோடு கப்பல் சபரும் முடிந்தது. விமானத்தில் வரும் தூரம் குறைந்தது. சட்டத்தில் கடக்க வேண்டிய தூரம் கூடியது.

இன்றைய தம்பி

இன்று ஊரிலிருந்து வரும் தம்பி தற்காலிக வேலை அனுமதியில் வருகிறார். வயது 18-க்கும் 45-க்கும் இடையில் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். குடும்பத்தை அழைத்து வர முடியாது. இங்கே திருமணம் செய்துகொள்ளக் கூடாது. எந்த முதலாளியின் பெயரில் வந்தாரோ அவரிடமே வேலை. பொதுவாகப் பத்து ஆண்டுகள், விதி இடம் கொடுத்தால் சற்றுக் கூடுதல். அவ்வளவுதான். முடிதிருத்தும் கடை, நகைக்கடை, துணிக்கடை ஆகிய மூன்று துறைகளுக்கும் 2009-இல் அந்த வழியும் அடைபட்டு, 2023-இல்தான் ஓரளவு திறக்கப்பட்டது.

நிரந்தரவாசத்துக்கான நுழைவு அனுமதி வேறு வழி. முதலீட்டாளர், உயர்திறன் நிபுணர், தொழில்முறை வல்லுநர், குடிமகனின் கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் என்று அதற்கு வகைகள் உண்டு. புள்ளி முறையும் ஒன்று உண்டு. அதில் 120-க்குக் குறைந்தது 65 புள்ளிகள் எடுக்க வேண்டும். வயது, கல்வி, தங்கிய காலம், முதலீடு, அனுபவம், மலாய்த் தேர்ச்சி இவற்றோடு மலேசியருடன் உள்ள உறவும் அதில் பார்க்கப்படுகிறது. ஆனால் அது பல கணக்குகளில் ஒரு கணக்கு. அண்ணன் கையெழுத்தால் மட்டும் தம்பிக்கு பி.ஆர். கிடைக்கும் என்ற வகை எதுவும் இல்லை. இதுதான் தொடக்கத்தில் சொன்ன ஒரு வரிப் பதில்.

"அமெரிக்காவில் அண்ணன் கூப்பிடலாமாமே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அங்கே 21 வயது நிறைந்த குடிமகன் உடன்பிறந்தவருக்கு மனுச் செய்யலாம். ஆனால் அந்த வகைக்கு உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 65,000 விசாக்களே ஒதுக்கீடு. இந்தியர்களின் வரிசை பதினைந்து ஆண்டுகளையும் தாண்டி நீள்கிறது. கனடாவில் அண்ணன் அங்கிருந்தால் தம்பிக்குச் சில புள்ளிகள் கூடும், அவ்வளவே. ஆக, உலகம் உடன்பிறந்தவரை இப்படித்தான் பார்க்கிறது: உறவு என்று ஒப்புக்கொள்கிறது, வரிசையின் கடைசியில் நிறுத்துகிறது.

இன்னொரு மாற்றத்தையும் நம் குடும்பங்கள் அறிய வேண்டும். இந்த நாட்டில் பிறந்த பிள்ளையின் தாயோ தந்தையோ சிவப்பு அட்டைக்காரராக இருந்தாலே அந்தப் பிள்ளை குடிமகன் என்பது நீண்டகால விதி. நம் வீடுகளில் பல பிள்ளைகளுக்கு நீல அட்டை வந்தது இப்படித்தான். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் இந்த வழியை நீக்குகிறது. அதே திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்குத் தந்தையருக்குச் சமமான உரிமையைத் தருகிறது. அதை வரவேற்கிறோம். ஆனால் சிவப்பு அட்டையோடு காலம் தள்ளிவிடலாம் என்று இன்னும் இருப்பவர்கள், அது தங்களோடு நிற்கும் விஷயமல்ல, பேரப்பிள்ளைகள் வரை போகும் விஷயம் என்பதை உணர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, சிவப்பு அட்டையோடு இருக்கும் நம் பெரியவர்களை வீட்டுக்கு வீடு கணக்கெடுப்போம். அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவுப்படி, 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்து, போதிய மலாய் பேசத் தெரிந்தவர் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். மனுப் போட்டதும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் போடாத மனுவுக்குப் பதில் வராது. படிவம் நிரப்பவும், பழைய தாள்களைத் தேடவும், நேர்காணலுக்கு மலாய் பழக்கவும் இளைஞர்கள் கூட வேண்டும். பழைய கடப்பிதழ், கப்பல் டிக்கெட், பிறப்புப் பத்திரம், கடை உரிமம் எதையும் எறியாதீர்கள்.

இரண்டாவதாக, ஊரில் இருப்பவர்களிடம் உண்மையைச் சொல்வோம். "வா, வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது பாட்டனார் காலத்தில் உண்மை. இன்று அது ஒரு வாலிபனின் பத்தாண்டுகளை விழுங்கும் பொய். பணம் கொடுத்தால் பி.ஆர். வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டுகளிடம், எந்த வகையில் வாங்கித் தருவாய் என்று கேளுங்கள். சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது. தம்பி பர்மிட்டில் இருப்பதால் கடை உரிமம், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அண்ணன் பெயரில்தான் இருக்கும். முன்பு தம்பிக்கு இங்கேயே ஒரு கடை கிடைத்தது, கணக்கு தானாகச் சரியாயிற்று. இன்று அவர் ஒரு நாள் விமானம் ஏறிப் போய்விடுவார். அவர் உழைப்பு கடையில் நின்றுவிடும். அண்ணன் இருக்கும்வரை கொடுப்பார். அண்ணன் மௌத்தானபின் அண்ணன் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தில் உள்ள, திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சி நிறுத்தச் சொல்லும் வசனம்தான். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று வெட்கப்படாமல், சம்பளம் எவ்வளவு, சேமிப்பாக அண்ணன் கையில் இருப்பது எவ்வளவு என்று ஆண்டுக்கு ஒருமுறை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் தம்பியைக் குடும்பத்தில் சேர்க்கவில்லை. அதை நாம் மாற்ற முடியாது. நம் பேரேட்டில் அவரைச் சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. நம்மை இக்கரை அழைத்து வந்த மர்ஹூம்கள் அனைவரின் கபுரையும் அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. அவர்கள் விட்டுச்சென்ற கணக்குகளை நேர்மையாக முடிக்கும் மனத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.